மாணவர் அறிவியல் திட்டத்துக்கு மீக்கடத்தி: எங்கே கிடைக்கும், எப்படிக் கேட்பது, எதைத் தவிர்ப்பது

பிளஸ் டூ மாணவர்களும், இயற்பியல், வேதியியல், பொறியியல் படிக்கும் கல்லூரி மாணவர்களும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மீக்கடத்தி என்பது மிகவும் குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, பெரிய ஆய்வக வசதி இல்லாமல் இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது.

மீக்கடத்தி வில்லை (சிறு வட்டத் துண்டு) வாங்க வேண்டும். முதலில் யாரிடம் விசாரிப்பது?

வில்லையை விசாரிப்பதற்கு முன், அதைக் குளிர்விக்க வேண்டிய திரவ நைட்ரஜனை விசாரியுங்கள். வில்லை கூரியரில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். நைட்ரஜன் அப்படி வராது. நீங்கள்தான் போய் எடுத்து வர வேண்டும், எடுத்து வந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ பயன்படுத்த வேண்டும். பணம் கட்டி வில்லையை வரவழைத்துவிட்டு, குளிர்விக்க வழியில்லாமல் அலமாரியில் வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. அந்த வரிசையில் நீங்களும் சேர வேண்டாம்.

அடுத்ததாக, என்ன செய்து காட்டப் போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். காந்தத்தை அந்தரத்தில் நிறுத்தப் போகிறீர்களா? மின்தடை சுழியாவதை அளக்கப் போகிறீர்களா? பெரிய மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்க்கப் போகிறீர்களா? மூன்றுக்கும் வேண்டிய பொருள் வேறு வேறு. இது தெரியாமல் "மீக்கடத்தி வேண்டும்" என்று கேட்டால், விற்பவர் தன்னிடம் இருப்பதைக் கொடுப்பார்.

எல்லோரும் ஒய்பிசிஓ என்கிறார்களே, அது என்ன? வேறு எதுவும் ஆகாதா?

இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் நான்கும் சேர்ந்த கறுப்பு நிறப் பீங்கான் அது. இதன் மாறுநிலை வெப்பநிலை, அதாவது மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலை, ஏறக்குறைய 92 கெல்வின். திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில், அதாவது மைனஸ் 196 டிகிரி செல்சியஸில். இடையில் இருக்கும் அந்த 15 டிகிரிதான் மாணவர் ஒருவர் மேசை மேல் மீக்கடத்தியைப் பார்க்க முடிவதற்கே காரணம்.

1911-இல் லைடன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தில் மீக்கடத்துத்திறனைக் கண்டபோது அதற்கு 4.2 கெல்வின் தேவைப்பட்டது. அதற்குத் திரவ ஹீலியம் வேண்டும். அதன்பின் முக்கால் நூற்றாண்டுக்கு ஹீலியம் இல்லாமல் இந்தத் துறையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1986-இல் சூரிச் ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ஸும் முல்லரும் தாமிர ஆக்சைடுகளில் 30 கெல்வினுக்கு மேல் இந்த விளைவைக் கண்டார்கள். 1987-இன் தொடக்கத்திலேயே வூ, சூ ஆகியோரின் குழுக்கள் இட்ரியம் சேர்மத்தில் 93 கெல்வினைத் தொட்டன. அதே ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.என்.ஆர். ராவ் குழுவும் இதே சேர்மத்தைச் செய்து ஆராய்ந்தது.

பிஸ்மத், ஸ்ட்ரான்சியம், கால்சியம், தாமிரம் சேர்ந்த ஆக்சைடும் நைட்ரஜனில் வேலை செய்யும். அதில் ஒரு வகையின் மாறுநிலை வெப்பநிலை 110 கெல்வின். ஆனால் 77 கெல்வினில் காந்தத்தைப் பிடித்து நிறுத்தும் வலிமை அதற்குக் குறைவு. மக்னீசியம் டைபோரைடு 39 கெல்வினில்தான் மாறும் என்பதால் நைட்ரஜன் போதாது. தாலியம், பாதரசம் சேர்ந்த ஆக்சைடுகள் 120 கெல்வினைத் தாண்டும். அவற்றைச் செய்து பார்க்கலாமா என்று கேட்டுவிடாதீர்கள். தாலியம் கொடிய நஞ்சு, மாணவர் ஆய்வகத்துக்குள்ளேயே அது வரக் கூடாது.

ஈயமும் அலுமினியமும் மீக்கடத்திகள் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறதே! கடையிலேயே கிடைக்குமே?

கிடைக்கும், ஆனால் குளிர்விக்க முடியாது. ஈயத்துக்கு 7.2 கெல்வின், வெள்ளீயத்துக்கு 3.7, அலுமினியத்துக்கு 1.2. எம்ஆர்ஐ ஸ்கேன் இயந்திரத்துக்குள் சுற்றியிருக்கும் நயோபியம்-டைட்டேனியம் கம்பிக்கும் 9 கெல்வின் சொச்சம்தான். அது திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கிறது. உங்கள் ஊர் ஸ்கேன் சென்டரில் இருப்பதும் மீக்கடத்திதான் என்பதைத் திட்ட அறிக்கையின் முன்னுரையில் எழுதலாம். செய்முறைக்கு அது உதவாது.

உலர்பனி போதுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். போதாது. அது மைனஸ் 78 டிகிரியோடு நின்றுவிடும்.

சரி, திரவ நைட்ரஜன் எங்கே கிடைக்கும்?

நினைப்பதைவிடப் பக்கத்திலேயே இருக்கிறது. மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மருந்தகங்களில் உறைவிந்துக் குச்சிகள் திரவ நைட்ரஜன் கேனுக்குள்தான் பாதுகாக்கப்படுகின்றன. கிராமத்துப் பிள்ளைகள் பலர் அந்த அலுமினியக் கேனையும், மூடியைத் திறந்தால் வழியும் வெண்புகையையும் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தக் கேனில் இருப்பதை ஊற்றித் தரும்படி கேட்காதீர்கள். அதில் மட்டம் இறங்கினால் உள்ளே இருக்கும் விந்து கெட்டு, அந்த வட்டாரத்தின் பால்மாடு வைத்திருப்பவர்கள் பாதிக்கப்படுவார்கள். "உங்களுக்கு நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது, வண்டி என்றைக்கு வரும்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துவிட்டால் உங்கள் மாவட்டத்துக்கான விநியோகப் பாதை தெரிந்துவிடும்.

பல்கலைக்கழகமோ பெரிய கல்லூரியோ பக்கத்தில் இருந்தால் அங்கே என்எம்ஆர் கருவி (மூலக்கூறுகளின் அமைப்பை அறிய உதவும் காந்தக் கருவி) இருக்கிறதா என்று விசாரியுங்கள். காந்தச் சுருளை மீக்கடத்தியாகக் கொண்ட என்எம்ஆர் கருவிக்கு நைட்ரஜனைத் தவறாமல் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், அந்தத் துறைக்கு நிலையான விநியோகஸ்தர் ஒருவர் இருப்பார். அவருடைய தொலைபேசி எண் கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள், மருக்களை உறைய வைத்து அகற்றும் தோல் மருத்துவர்கள், அம்பத்தூர், கோவை, ஓசூர் போன்ற தொழில் நகரங்களில் தொழிற்சாலைகளுக்கு வாயு வழங்கும் முகவர்கள் ஆகியோரும் அடுத்தடுத்த வாய்ப்புகள். முகவர்கள் தனி மாணவருக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். கல்லூரி முதல்வரின் கடிதமும் முறையான கேனும் இருந்தால் கொடுப்பார்கள்.

காந்தத்தை மிதக்க வைத்துக் காட்ட ஒன்றிரண்டு லிட்டர் போதும். மின்தடை அளவீட்டுக்குப் பலமுறை குளிர்வித்துச் சூடேற்ற வேண்டியிருக்கும், அதற்கு ஐந்து லிட்டராவது திட்டமிடுங்கள். போகிற வழியிலேயே கொஞ்சம் ஆவியாகிவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

எதில் எடுத்து வருவது? வீட்டு ஃபிளாஸ்க் ஆகுமா?

இதற்கென்றே செய்த கிரையோ கேனில் எடுத்து வருவதுதான் முறை. கால்நடைத் துறையிலும் ஆய்வகங்களிலும் அது இருக்கும், இரவல் கேளுங்கள். அதன் மூடி இறுக்கமாகப் பூட்டாது, வாயு வெளியேற வழி விட்டே செய்திருப்பார்கள். காரணம் இருக்கிறது: ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. திருகு மூடி போட்ட எந்தப் பாத்திரமும் வெடிகுண்டாக மாறும். பெட் பாட்டில், மூடி இறுக்கிய ஃபிளாஸ்க் இரண்டையும் எந்தச் சூழ்நிலையிலும் தொடாதீர்கள்.

மேசை மேல் வைத்துச் செய்ய தெர்மாகோல் கிண்ணமே போதும். ஐஸ்கிரீம் பெட்டி, மருந்து வரும் தெர்மாகோல் பெட்டி எதுவானாலும் சரி. சுவர் தடிமனாக இருந்தால் நைட்ரஜன் கூடுதல் நேரம் நிற்கும்.

பாதுகாப்புக்கு என்னென்ன வேண்டும்?

முகத்தை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கை சட்டை, மூடிய செருப்பு, கழற்றி எறிய எளிதான தளர்ந்த தடிமன் கையுறை, பிளாஸ்டிக் அல்லது மர இடுக்கி. பஞ்சுக் கையுறை நைட்ரஜனை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும் என்பதால் வெறுங்கையைவிட மோசம்.

பலர் கவனிக்கத் தவறுவது காற்றோட்டத்தை. நைட்ரஜன் நஞ்சில்லை, ஆனால் அறையின் ஆக்சிஜனை இடம்பெயர்த்துவிடும். மூச்சு முட்டுகிற உணர்வுகூட இல்லாமல் ஆள் மயங்கி விழுவார். ஜன்னல் மூடிய ஏசி அறையில் செய்யாதீர்கள். கேனை லிஃப்டில் ஏற்றினால் கூடவே ஆள் ஏறக் கூடாது. காரில் கொண்டுவந்தால் கண்ணாடியை இறக்கியே ஓட்டச் சொல்லுங்கள். பள்ளி மாணவராக இருந்தால் ஊற்றும் வேலையை ஆசிரியர்தான் செய்ய வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

வில்லையை எங்கே வாங்குவது? வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

மிதத்தல்தான் நோக்கம் என்றால் நீங்கள் கேட்க வேண்டியது "மெல்ட் டெக்ஸ்சர்டு" அல்லது "சிங்கிள் டொமைன்" ஒய்பிசிஓ, அதாவது உருக்கி வளர்த்த வில்லை. இந்தச் சொற்களைச் சொல்லாமல் வெறுமனே ஒய்பிசிஓ வில்லை என்று கேட்டால், பொடியை அழுத்திச் சுட்ட சாதாரண வில்லை வந்து சேரும். பெயரும் நிறமும் ஒன்றுதான். நடத்தையில் பெரிய வித்தியாசம்.

சுட்ட வில்லையில் கோடிக்கணக்கான நுண்மணிகள் ஏதோ ஒரு திசை பார்த்தபடி ஒட்டிக் கிடக்கும். ஒரு நுண்மணியிலிருந்து அடுத்ததற்கு மின்னோட்டம் தாண்டுவது கடினம் என்பதால் அது காந்தத்தை மெலிதாகத்தான் தள்ளும். அதன்மேல் சின்னஞ்சிறு காந்தம் சில மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும், அவ்வளவுதான். உருக்கி வளர்த்த வில்லையோ கிட்டத்தட்ட ஒரே படிகம். அதன் மேல்பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: நடுவில் விதைப் படிகத்தின் சிறு சதுரம், அங்கிருந்து நான்கு பக்கமும் ஓடும் பெருக்கல் குறி போன்ற கோடுகள். அந்தக் கோடுகள் விளிம்பு வரை தெளிவாகப் போயிருந்தால் வளர்ச்சி சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். படத்தைப் பார்த்து வாங்குகிறீர்கள் என்றால் மேல்பரப்பின் படத்தையே கேளுங்கள். 28 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு சென்டிமீட்டர் தடிமனும் உள்ள வில்லை 40 கிராம் அளவுக்குக் கனக்கும். பள்ளித் திட்டத்துக்கு அது தாராளம்.

செக் குடியரசின் கேன் சூப்பர்கண்டக்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் கல்விக்கென்றே வில்லை, காந்தம், கிண்ணம் அடங்கிய பெட்டிகளை விற்கின்றன. சிக்மா-ஆல்டிரிச் போன்ற வேதிப்பொருள் நிறுவனங்களிடம் ஒய்பிசிஓ பொடி கிடைக்கும். ஆனால் மிதத்தலுக்காகப் பொடி வாங்குவது வீண். உலை இல்லாமல் அது பொடியாகவே இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர் நிறுவனம் கேஒய்சி ஆவணம் கேட்கும், சுங்க வரியும் கட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்து பல நேரம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். காந்தத்தை அந்தப் பார்சலில் சேர்க்காதீர்கள். வலுவான காந்தங்களை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு, பார்சல் வழியிலேயே முடங்கும். நியோடிமியம் காந்தம் சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கிறது.

அவ்வளவு பணம் இல்லை. இரவலாகக் கிடைக்குமா?

கிடைக்கும். என்னைக் கேட்டால், பள்ளி மாணவர்கள் முதலில் முயல வேண்டிய வழியே இதுதான். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், சென்னை ஐஐடி, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மீக்கடத்திகளை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பல ஆய்வகங்களில் பழைய முனைவர் பட்ட வேலையில் மிஞ்சிய வில்லைகள் சிறு புட்டிகளில் பெயர்ச்சீட்டோடு கிடக்கும். யாராவது அக்கறையோடு கேட்டால் கொடுக்க மனம் உள்ளவர்கள் நிறைய.

கேட்கும் விதம்தான் முக்கியம். "எங்களுக்கு மீக்கடத்தி தந்து உதவுங்கள்" என்ற ஒற்றை வரி மின்னஞ்சலுக்குப் பதில் வராது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, நாங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் மூவர். காந்தத்தின் உயரத்துக்கும் தள்ளுவிசைக்கும் உள்ள தொடர்பை அளக்க விரும்புகிறோம். திரவ நைட்ரஜனுக்கு ஏற்பாடு செய்துவிட்டோம். 10 மில்லிமீட்டருக்குக் குறையாத ஒய்பிசிஓ வில்லை ஒன்றை ஒரு மாதத்துக்கு இரவலாகத் தர இயலுமா? எங்கள் இயற்பியல் ஆசிரியர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருக்கிறார். வில்லை தர இயலாவிட்டால், உங்கள் ஆய்வகத்திலேயே ஒரு நாள் வந்து அளவெடுக்க அனுமதித்தாலும் போதும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வில்லை தர முடியாதவர்கள்கூட "ஒரு சனிக்கிழமை வாருங்கள்" என்று சொல்லக்கூடும். அது வில்லையைவிடப் பெரிய லாபம்.

நிதிக்கு, பள்ளி மாணவர்களுக்கான இன்ஸ்பயர் மானக் விருதில் தேர்வானால் 10,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரி மாணவர்கள் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

மீக்கடத்தி நாடா என்று ஒன்று விற்கிறதே, அது எதற்கு?

மின்னோட்டம் தொடர்பான திட்டங்களுக்கு. நிக்கல் கலவை உலோகப் பட்டையின் மேல் ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனில் மட்டும் மீக்கடத்திப் படலம், அதற்கு மேல் வெள்ளி, தாமிரப் பூச்சு. மொத்தத் தடிமன் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். 4 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடா 77 கெல்வினில் நூறு ஆம்பியர் அளவுக்குத் தாங்கும். ஜெர்மனியின் தெவா, ஜப்பானின் ஃபுஜிகுரா, அமெரிக்காவின் சூப்பர்பவர் ஆகியவை தயாரிக்கின்றன. மீட்டர் கணக்கில் விற்பார்கள். ஆய்வகங்களில் வெட்டி எறிந்த துண்டுகளைக் கேட்டு வாங்குவது மேல். கூர்மையாக மடிக்காதீர்கள், உள்ளே படலம் விரிசல் விட்டுவிடும். பிளாஸ்டிக் போல வளைகிறது என்பதால் பொறியியல் மாணவர்களுக்கு இது நல்ல பொருள். பொடி அரைக்கும் வேலையும் இல்லை.

நாங்களே செய்ய முடியுமா?

முடியும். 1987-லேயே கலிபோர்னியாவின் கில்ராய் நகர உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், ஐபிஎம் அல்மடன் ஆய்வகத்தின் பால் கிராண்ட் உதவியோடு ஒய்பிசிஓ வில்லை செய்தார்கள். கல்லூரி வேதியியல் துறையில் மஃபிள் உலை (உயர்வெப்ப மின் உலை), புகைக்கூண்டு, வில்லை அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ் மூன்றும் இருந்தால் இறங்கலாம். வீட்டில் செய்யாதீர்கள். பேரியம் கார்பனேட் எலி மருந்தாகவே பயன்பட்ட பொருள். வயிற்று அமிலத்தில் கரைந்து உடலில் சேரும். முகமூடி, கையுறை, புகைக்கூண்டு இல்லாமல் அந்தப் பொடியைத் திறக்கவே கூடாது.

அளவு இது: இட்ரியம் ஆக்சைடு 1.13 கிராம், பேரியம் கார்பனேட் 3.95 கிராம், கறுப்புத் தாமிர ஆக்சைடு 2.39 கிராம். சிவப்புத் தாமிர ஆக்சைடை வாங்கிவிடாதீர்கள். மூன்றும் இந்திய வேதிப்பொருள் நிறுவனங்களிடமே கிடைக்கும், 99.9 சதவீதத் தூய்மை கேளுங்கள். (கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட்டிலும் சிறிதளவு இட்ரியம் உண்டு என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

கல்வத்தில் போட்டு அரையுங்கள். அகேட் கல்வம் உத்தமம். வெள்ளைப் புள்ளி ஒன்றுகூடத் தெரியாமல் ஒரே சாம்பல் நிறமாகும் வரை அரைக்க வேண்டும். கை வலிக்கத்தான் செய்யும். அலுமினா மூசையில் (சூடு தாங்கும் கிண்ணத்தில்) கொட்டி 920 டிகிரியில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் சுடுங்கள். வெளியே எடுக்கும்போது கன்றிய கறுப்புக் கட்டியாக இருக்கும். மறுபடி அரைத்து மறுபடி சுடுங்கள். இந்த இரண்டாம் சுற்றைத் தவிர்ப்பவர்களின் வில்லைதான் பெரும்பாலும் தோற்கிறது.

இங்கே ஓர் எளிய சோதனை. 7.47 கிராமில் தொடங்கினால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி 6.6 கிராம் சொச்சம் மிஞ்ச வேண்டும். எடை அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருந்தால் வினை முடியவில்லை, இன்னொரு முறை சுட வேண்டும். தராசு ஒன்றை வைத்தே இதைச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அகச்சிவப்பு நிறமாலைக்குப் பொட்டாசியம் புரோமைடு வில்லை அழுத்தும் 13 மில்லிமீட்டர் அச்சு உங்கள் துறையில் இருக்கும். அதிலேயே இதையும் அழுத்தி, 940 டிகிரியில் சுட்டு, மிக மெதுவாகக் குளிரவிடுங்கள். 450 டிகிரியில் நிறுத்தி, மெல்ல ஆக்சிஜனை ஓடவிட்டு, இரவு முழுக்க வைத்திருப்பது இந்த வேலையின் உயிர்நாடி. உலையிலிருந்து வரும் வில்லையில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். ஒரு மூலக்கூறுக்குச் சராசரியாக 6.9 அணு அளவுக்கு ஆக்சிஜன் ஏறினால்தான் 90 கெல்வின் வரும். 6.5-இலேயே நின்றுவிட்டால் மாறுநிலை வெப்பநிலை 60 கெல்வினுக்கு இறங்கிவிடும். அப்போது நீங்கள் செய்தது மீக்கடத்திதான், ஆனால் நைட்ரஜனில் முக்கினால் எதுவும் நடக்காது. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாவிட்டால் காற்றிலேயே மெதுவாக, நீண்ட நேரம் குளிரவிட்டுப் பாருங்கள்; விளைவு மெலிந்தாலும் கிடைக்கும். ஆக்சிஜன் குழாயில் எண்ணெய், கிரீஸ் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வில்லை பச்சையாக வந்துவிட்டது!

அது வேறு சேர்மம். இட்ரியம் கூடி, பேரியமும் தாமிரமும் குறைந்தது. மின்சாரத்தையே கடத்தாது. எடை போட்டதில் பிழை, அல்லது சரியாகக் கலக்கவில்லை, அல்லது உலை 1,000 டிகிரியைத் தாண்டிவிட்டது. உலையின் முகப்பில் காட்டும் எண்ணை நம்பாமல் வில்லைக்குப் பக்கத்தில் வெப்ப இரட்டையை வைத்துச் சரிபாருங்கள்.

வில்லை தயார், நைட்ரஜன் தயார். எப்படிச் செய்து காட்டுவது?

கிண்ணத்தில் வில்லையை வைத்து நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். திடீரென்று மூழ்கடித்தால் விரிசல் விழும். சீறிக் கொதித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒருமுறை படபடவென்று பொங்கி, சட்டென்று அடங்கும். அந்த அமைதிதான் வில்லை 77 கெல்வினுக்கு வந்துவிட்டதற்கான அடையாளம். அதுவரை காந்தத்தை எடுக்காதீர்கள்.

உருக்கி வளர்த்த வில்லை என்றால் இரண்டு விதமாகச் செய்து ஒப்பிடுங்கள். காந்தம் இல்லாமல் குளிர்வித்துவிட்டுப் பிறகு காந்தத்தைக் கொண்டுவந்தால் தள்ளும். காந்தத்துக்கும் வில்லைக்கும் நடுவே ஒரு மரக்குச்சியையோ அட்டையையோ வைத்து, அந்த நிலையிலேயே குளிர்வித்து, பிறகு அட்டையை உருவிவிட்டால் காந்தம் அதே இடத்தில் பூட்டிக்கொள்ளும். வில்லையை இடுக்கியால் தூக்கினால் காந்தமும் கூடவே வரும். தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. காந்தப் பாயம் (காந்தப் புலக் கோடுகள்) படிகத்துக்குள் உள்ள குறைபாடுகளில் சிக்கிக்கொள்வதால் நடப்பது இது. இதையே மெய்ஸ்னர் விளைவு என்று பல அறிக்கைகளில் எழுதுகிறார்கள். 1933-இல் மெய்ஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டது காந்தப் பாயம் முழுவதும் வெளியேற்றப்படுவதை. நீங்கள் பார்ப்பது பாயம் உள்ளே பிடிபட்டு நிற்பதை. நடுவர் இதைத்தான் முதலில் கேட்பார்.

நீங்களே சுட்ட மெலிந்த வில்லை என்றால் காந்தத்தை மிதக்க வைக்க மல்லுக்கட்டாதீர்கள். வில்லையை நூலில் கட்டி நைட்ரஜனில் தோய்த்து எடுத்துத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் காந்தத்தைக் கொண்டு போங்கள். விலகி ஆடினால் வெற்றி.

மின்தடையை அளக்க என்ன கருவி வேண்டும்?

நான்கு முனை முறை. வெளி இரண்டு முனைகளில் 100 மில்லிஆம்பியர் செலுத்தி, உள் இரண்டில் மின்னழுத்தத்தை அளவிடுங்கள். சாதாரண ஓம் மீட்டரை வைத்தால் கம்பியின் தடையும் தொடுமுனையின் தடையும்தான் தெரியும். அறை வெப்பநிலையில் சுட்ட வில்லையில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட்தான் வரும். கடையில் வாங்கும் மல்டிமீட்டரால் அது சுழியாவதைத் திருத்தமாகப் பிடிக்க முடியாது. ஒரு பெருக்கி சுற்று கட்டுங்கள், அல்லது துறையின் நானோவோல்ட் மீட்டரைக் கேளுங்கள். முனைகளை வெள்ளிப் பசையால் ஒட்டுங்கள். இதில் சாதாரண ஈயப் பற்று பிடிக்காது.

வெப்பநிலைக்கு பிடி-100 உணரி (பிளாட்டினத் தடை வெப்பமானி) மலிவு, நம்பகமானது. பூஜ்யம் டிகிரியில் 100 ஓம் காட்டுவது திரவ நைட்ரஜனில் 20 ஓமுக்கு இறங்கும். 92 கெல்வினில் 27 ஓமுக்குச் சற்றுக் கீழே. ஆகவே அது 27-ஐ ஒட்டி இருக்கும்போதுதான் கண்ணிமைக்காமல் பார்க்க வேண்டும். குளிரும்போது எடுப்பதைவிட, நைட்ரஜன் வற்றிய பின் தானாக மெதுவாகச் சூடாகும்போது அளவெடுங்கள். வளைகோடு ஒழுங்காக வரும். உணரி வில்லையைத் தொட்டபடி இருக்க வேண்டும்.

அறை வெப்பநிலை மீக்கடத்தி வந்துவிட்டதாமே? அதையே செய்துவிடலாமே?

2023 ஜூலையில் கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருளைப் பற்றி அப்படி அறிவித்தார்கள். உலகம் முழுக்கச் செய்து பார்த்ததில் அது மீக்கடத்தி இல்லை என்று தெரிந்தது. அதில் கலந்திருந்த தாமிர சல்ஃபைடின் நிலைமாற்றமே மின்தடைச் சரிவாகத் தோன்றியது. அந்த வழியில் போக வேண்டாம்.

வில்லையை எப்படிப் பாதுகாப்பது?

இதற்கு எதிரி தண்ணீர். ஈரக் காற்றிலேயே மேல்பரப்பு சிதைந்து வெண்பூச்சு படியும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இன்னும் வேகம். நைட்ரஜனிலிருந்து எடுத்த கையோடு அதன்மேல் பனி படிந்து உருகி வழியும். அதைத் துடைத்துவிட்டு, ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். இரவல் வில்லை என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். அடுத்த வருடம் இன்னொரு பள்ளிக்கு அது போக வேண்டும்.

நாங்கள் செய்த வில்லை எதையுமே காட்டவில்லை. திட்டத்தைக் கைவிட்டுவிடலாமா?

வேண்டாம். எடைக் குறைவு எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்களா? பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படிக அமைப்பைக் காட்டும் ஒரு எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் பதிவு எடுத்துப் பாருங்கள். தாமிரக் கதிரில் 32.5-க்கும் 33 டிகிரிக்கும் இடையில் பெரிய சிகரம் வந்திருந்தால் சேர்மம் சரியாகவே உருவாகியிருக்கிறது, ஆக்சிஜன்தான் போதவில்லை. அதே வில்லையை மறுபடி உலையில் வைத்து 450 டிகிரியில் ஆக்சிஜனை ஓடவிட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் எடுத்து, முன்னும் பின்னும் எடையைக் குறித்து, நூலில் கட்டித் திரும்பவும் நைட்ரஜனில் தோய்த்துப் பாருங்கள்.